கியர்பாக்ஸைத் திறக்கும் முன் டயரைப் பாருங்கள்

நவம்பர் பிறந்துவிட்டால் சார்ஜா இண்டஸ்ட்ரியல் பகுதியில் எங்கள் கராஜ் வாசலில் உயரமான வண்டிகள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். வெயில் தணிந்து, பாலைவனத்துக்குள் வண்டியோட்டும் பருவம் அது. கோடை முழுக்கக் கொட்டகை நிழலில் கிடந்த ராங்லர், எஃப்ஜே குரூஸர், பேட்ரோல் எல்லாம் புதுப் பெரிய டயர்களோடு அல் பதாயர் செம்மணலில் இறங்கும். இறங்கியவற்றில் சில அடுத்த வாரமே எங்களிடம் வரும். ஓட்டி வந்தவர் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "கியர் சரியாக விழவில்லை, கியர்பாக்ஸ் போய்விட்டது போலிருக்கிறது."

நான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டும் பார்க்கிறவன். கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துக் கட்டினால்தான் எனக்கு வருமானம். அப்படிப்பட்டவன் சொல்கிறேன்: பெரிய டயர் மாட்டிய பிறகு இந்தக் குறையோடு வரும் வண்டிகளில் கியர்பாக்ஸ் கெட்டுப்போயிருப்பது அபூர்வம். கெடப்போகிறது என்பதுதான் உண்மை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் பிடித்துவிட்டால் பிழைத்தது.

போன பருவத்தில் ஒருவர் வந்தார். அபுதாபியில் கட்டுமான வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர். 2013 ராங்லர், நாலு கதவு, அமெரிக்க இறக்குமதி. வண்டியைக் கொஞ்சம் தூக்கி, 35 இன்ச் டயர் மாட்டியிருந்தார். கோர்ஃபக்கான் போகும் மலைச்சாலையில் ஐந்தாம் கியருக்கும் நாலாம் கியருக்குமாக மாறி மாறித் தாவுகிறதாம். மணலிலோ கியர் மாறவே யோசிக்கிறதாம். அல் பதாயரில் ஏறும்போது கியர் ஆயில் சூட்டுக்கான எச்சரிக்கை விளக்கும் எரிந்திருக்கிறது. வேறொரு கராஜில் காட்டியபோது கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கு ஒரு பெரிய தொகையும் கேட்டிருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, டயர் மாட்டியபோதே கம்ப்யூட்டரில் 35 என்று மாற்றிப் போட்டாகிவிட்டது. ஸ்பீடோமீட்டர் ஜிபிஎஸ்ஸோடு ஒத்துப்போகிறது. பிறகும் ஏன் இப்படி?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். கம்ப்யூட்டரில் டயர் அளவை மாற்றுவது அவசியம்தான், மறுக்கவில்லை. 32 இன்ச் டயருக்குப் பதில் 35 மாட்டிவிட்டு அப்படியே விட்டால், மீட்டர் 100 காட்டும்போது வண்டி 109-இல் போய்க்கொண்டிருக்கும். துபாயில் வேக வரம்புக்கு மேல் 20 கிலோமீட்டர் சலுகை இருக்கிறது. அபுதாபியில் 2018 ஆகஸ்டிலேயே அதை எடுத்துவிட்டார்கள். 140 வரம்புள்ள சாலையில் மீட்டரை நம்பி 135-இல் போகிறவருக்கு அபராதம் நிச்சயம். ஆனால் கம்ப்யூட்டரில் எண்ணை மாற்றினால் மீட்டரின் கணக்கு சரியாகும், அவ்வளவே. இன்ஜினுக்கு ஒரு குதிரை சக்திகூட ஏறாது. டயர் கேட்கும் இழுவையை எங்கிருந்து கொடுப்பது?

முதலில் ஆயில் பார்த்தேன். 2012-இலிருந்து ராங்லரில் வந்த ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் மெர்சிடிஸ் வழி வந்தது. அதில் ஆயில் பார்க்கும் கம்பி கிடையாது. குழாய் இருக்கும், மேலே ஒரு மூடி இருக்கும், 'டீலர் மட்டும் திறக்கலாம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். நாங்கள் தனிக் கம்பி வைத்திருக்கிறோம். ஸ்கேனரில் ஆயில் சூட்டைப் பார்த்து, அந்தச் சூட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். குளிர்ந்த வண்டியில் கம்பியை விட்டுப் பார்த்து "ஆயில் குறைவு" என்று மேலும் மேலும் ஊற்றிவைக்கிறவர்கள் உண்டு. இந்த வண்டியில் அளவு சரியாக இருந்தது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டேன். சிவப்பு மங்கி, தேநீர் நிறத்துக்குப் போகிற வழியில் இருந்தது. முகர்ந்தால் தீய்ந்த வாடை இல்லை, ஆனால் புது ஆயிலின் மணமும் இல்லை. கியர்பாக்ஸின் பக்கவாட்டில் வயர்கள் செருகும் 13 முனை பிளக்கையும் பார்த்தேன். இந்தக் கியர்பாக்ஸில் அந்த ரப்பர் வளையம் வழியாக ஆயில் கசிவது ஊரறிந்த வியாதி. கசிவு இல்லை. கம்ப்யூட்டரில் பிழைக் குறியும் இல்லை.

அடுத்து, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினேன். முன் பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டேன். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, பின் ஆக்ஸிலுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. என்னிடம் வேலை பழகும் தஞ்சாவூர்த் தம்பி டயரைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினான். மற்றச் சக்கரம் தரையில் நிற்கும்போது இரண்டு சுற்று என்பது ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் ஒரு சுற்று. நான் கீழே படுத்து ஷாஃப்டின் கோட்டை எண்ணினேன். மூன்று முழுச் சுற்று, பிறகு கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. அதாவது ஆக்ஸில் விகிதம் 3.21: சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 3.21 சுற்றுச் சுற்ற வேண்டும்.

தன் வண்டியின் விகிதம் எது என்று ஆளுக்கே தெரியாது. ஏலத்தில் எடுத்து வந்தவரிடம் வாங்கியது, யார் சொல்லப்போகிறார்கள்? இந்த வகை ராங்லரில் 3.21, 3.73, 4.10 என்று மூன்று விகிதங்கள் வந்தன. இவருக்கு வாய்த்தது நெடுஞ்சாலையில் பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்கான விகிதம். எண் சிறிதானால் இழுவையும் குறைவு, சாதா டயரிலேயே கொஞ்சம் மந்தமானது. அதன் மேல் 35 இன்ச்.

கணக்கைப் பாருங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் 32 இன்ச் டயர் நிமிடத்துக்குச் சுமார் 650 சுற்று சுற்றும். 35 இன்ச் என்றால் 600-க்குக் கொஞ்சம் குறைவு. ஐந்தாம் கியரின் விகிதம் 0.83. எல்லாவற்றையும் பெருக்கினால், முன்பு சுமார் 1740-இல் ஓடிய இன்ஜின் இப்போது 1590-இல் ஓடுகிறது. குறைந்தது 150 சுற்றுதானே என்று தோன்றும். ஆனால் இந்த 3.6 லிட்டர் இன்ஜினின் முழு முறுக்குவிசை 4800-இல்தான் கிடைக்கிறது. 1590-இல் சமதரையில் தன்னைத்தானே நகர்த்திக்கொள்ளும், அவ்வளவுதான். பாலம் ஏறினாலே கால் அழுந்தும். கால் அழுந்தினால் கியர்பாக்ஸ் நாலாம் கியருக்கு இறங்கும், 1900 கிடைக்கும், போதாது என்றால் மூன்று. வேகம் வந்ததும் காலைத் தளர்த்துவீர்கள், மறுபடி ஐந்து. மறுபடி திணறல். கியர்பாக்ஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு அது தாவுவதாகத் தெரிகிறது. சைக்கிளில் முன்பக்கப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டு மேட்டில் மிதித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சக்கரத்தின் சுற்றளவு கூடினால் விகிதம் அந்த அளவுக்கு இறங்கியதாகத்தான் அர்த்தம். 35 இன்ச்சில் 3.21 என்பது பழைய டயரில் 2.93 போட்டு ஓட்டுவதற்குச் சமம். அப்படி ஒரு ராங்லரை எந்தத் தொழிற்சாலையும் விற்கவில்லை. இதில் எடையைச் சேர்க்கவில்லை. மட் டயர் ஒன்றுக்கு சாதா டயரைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் கூடுதல், அதுவும் சுழலும் விளிம்பில். வண்டி தூக்கியதால் காற்று தடுப்பது வேறு.

இதில் எனக்குக் கவலை தருவது தாவல் அல்ல, சூடு. சாலையில் நிதானமாகப் போகும்போது இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச் பிடித்துக்கொள்ளும். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஏறக்குறைய ஒரே சுற்றில் ஓடும். சுமை கூடினால் அது விட்டுவிடும். பிறகு விசையைக் கடத்துவது ஆயில் மட்டும். அந்த வழுக்கல் முழுவதும் சூடாக மாறுகிறது. மணலில் ஏறும்போது வண்டி மெதுவாகவும் இன்ஜின் வேகமாகவும் இருப்பதால் வழுக்கல் உச்சத்துக்குப் போகும், முன்னாலிருந்து வரும் காற்றும் குறைவு. ஆயில் 80, 90 டிகிரியில் இருந்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். 120-ஐத் தாண்டி அடிக்கடி போனால் சீக்கிரமே தன் குணத்தை இழக்கும். ஆயில் போனால் கிளட்ச் தட்டுகள் கருகும். அப்புறம் வந்தால் நான் உண்மையாகவே பிரிக்க வேண்டியதுதான்.

அந்தத் தேநீர் நிறத்தைக் காட்டினேன். "இன்னும் காலம் இருக்கிறது. இரண்டு வழி. 32-க்குத் திரும்புங்கள், அல்லது கிரவுன் பினியன் மாற்றுங்கள்" என்றேன். கிரவுனும் அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் சேர்ந்துதான் அந்த விகிதம். டயரைக் கழற்ற மனது வராது என்பது அவர் முகத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

4.56 போட்டோம். 35 இன்ச்சில் அது பழைய டயரின் 4.17-க்குச் சமம். தொழிற்சாலை கொடுத்த 4.10-ஐவிட ஒரு துளி கூடுதல், அந்தத் துளி டயர் எடைக்கும் காற்றுக்கும் போய்விடும். 3.21-இலிருந்து வருவதால் உள்ளே கிரவுன் உட்காரும் கேரியரும் மாற்ற வேண்டியிருந்தது. முன் ஆக்ஸிலுக்கும் இதே வேலை. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நாலு சக்கர இழுவையைப் போட்டால் முன்னும் பின்னும் வேறுவேறு வேகத்தில் சுற்றி டிரான்ஸ்ஃபர் கேஸை உடைத்துவிடும். மொத்தச் செலவு, டயர் வாங்கிய செலவைத் தாண்டியது.

இந்த வேலையை அவசரக்காரர்களிடம் கொடுக்காதீர்கள். பினியனுக்கு அடியில் வைக்கும் ஷிம் தகடு தாள் கனத்தில் இருக்கும். அதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பல்லும் பல்லும் சேரும் இடம் மாறிவிடும். பல்லில் மஞ்சள் பசை தடவி, கையால் சுற்றி, எங்கே பசை வழிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல்லின் நடுவே முட்டை வடிவில் ஒரு வெற்றிடம் தெரிந்தால் நல்லது. விளிம்பில் தெரிந்தால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி ஷிம். டயல் கேஜில் பல்லிடை ஆட்டம் 0.15-இலிருந்து 0.25 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். அந்தத் தம்பி பின் ஆக்ஸிலில் மத்தியானம் தொடங்கி இரவுத் தொழுகை அழைப்பு கேட்கும்வரை பசையும் ஷிம்முமாக உட்கார்ந்திருந்தான். நான் குறுக்கே போகவில்லை. அவனுக்குப் பொறுமை என்னைவிட அதிகம்.

வண்டியைக் கீழே இறக்கியதும் ஸ்டார்ட் செய்து ஓட்டிவிடக் கூடாது. இந்தக் கியர்பாக்ஸ் தன் வெளிச்சுற்றை நேரடியாக அளப்பதில்லை. சக்கரத்தின் சென்சார் சொல்வதை ஆக்ஸில் விகிதத்தால் பெருக்கித் தெரிந்துகொள்கிறது. கம்ப்யூட்டரில் இன்னும் 3.21 என்றே இருந்தால், உள்ளே ஏதோ கிளட்ச் வழுக்குகிறது என்று முடிவுகட்டி இரண்டாம் கியரில் பூட்டிக்கொள்ளும். புது கிரவுன் போட்ட வண்டி இழுவை லாரியில் எங்களிடம் வந்து, லேப்டாப்பில் ஓர் எண்ணை மாற்றியதும் ஓட்டிக்கொண்டு போன கதையும் உண்டு. டயர் அளவு தவறாக இருந்தால் மீட்டர்தான் பொய் சொல்லும். ஆக்ஸில் விகிதம் தவறாக இருந்தால் கியர்பாக்ஸே நின்றுவிடும்.

இப்போது அவர் வண்டி 100-இல் ஏறக்குறைய 2260 சுற்றில் ஓடுகிறது. மலைச்சாலையில் ஐந்திலேயே நிற்கிறது, செங்குத்தில் மட்டும் நாலு. பெட்ரோல் கூடவில்லை என்கிறார். திணறிக்கொண்டு காலை அழுத்தியதைவிட இது பரவாயில்லை போலும். முதல் 15, 20 நிமிடம் மெதுவாக ஓட்டி ஆக்ஸிலை ஆறவிடுங்கள், 800 கிலோமீட்டருக்கு மணல் வேண்டாம், பிறகு ஆக்ஸில் ஆயிலை மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கியர் ஆயிலையும் மாற்றிவிட்டோம்.

கியர்பாக்ஸ் மேல் விழும் இன்னொரு பழியையும் சொல்லிவிடுகிறேன். மணலில் பாதி ஏற்றத்தில் இன்ஜின் சட்டென்று அடங்கிப்போகிறது, கியர் வழுக்குகிறது என்று வருவார்கள். அது சறுக்கல் தடுப்புக் கட்டுப்பாடு. சக்கரம் சுழல்வதைப் பார்த்து த்ராட்டிலை அதுவே மூடிவிடுகிறது. ராங்லரில் லோ ரேஞ்சுக்கு, அதாவது மெதுவாக அதிக இழுவையோடு போகும் நிலைக்கு, வந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும். மணலில் டி-யில் விட்டுவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்காமல், லீவரைப் பக்கவாட்டில் தட்டி மூன்றுக்கு மேல் போகாமல் பிடித்து வைத்தாலே பாதித் தாவல் நின்றுவிடும்.

எல்லாப் பெரிய டயரும் கெடுதல் என்று சொல்லவில்லை. எஃப்ஜே குரூஸரில் 265/70 ஆர்17-ஐ எடுத்துவிட்டு 285/70 ஆர்17 போடுகிறார்கள். விட்டம் மூன்றரை சதவீதம் கூடுகிறது. அதற்காக ஆக்ஸிலைத் தொட வேண்டியதில்லை. ஐந்து சதவீதத்துக்குள் என்றால் நான் பேசாமல் இருந்துவிடுவேன். பத்தை நெருங்கினால் கிரவுன் பினியன் செலவையும் டயர் விலையோடு சேர்த்தே எண்ணிப் பார்க்கச் சொல்வேன்.

ஊரில் மஹிந்திரா தார் ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் பையன்களும் இதையே கேட்கிறார்கள். அதில் வரும் 255/65 ஆர்18 டயரின் விட்டம் 31 இன்ச். 33 போட்டால் ஆறரை சதவீதம் ஏறும். அதுவும் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் வண்டிதான். கொல்லிமலை கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தோடு ஏறுகிறவராக இருந்தால், மாட்டும் முன் அதே அளவு டயர் போட்ட நண்பரின் வண்டியை வாங்கி, அதே ஆள் சுமையோடு ஒரு முறை ஏறிப் பாருங்கள். ஸ்கேனர் கிடைத்தால் கியர் ஆயில் சூட்டையும் பார்த்துக்கொண்டே ஏறுங்கள்.