கடத்தல்: ஒரே சொல், பல குற்றங்கள்

நாமே போனால் கடப்பது, இன்னொன்றைப் போக வைத்தால் கடத்துவது. நட, நடத்து மாதிரிதான். இந்தச் சொல்லில் முதலில் குற்றமே கிடையாது, செம்பு மின்சாரத்தைக் கடத்துகிறது, வேலை செய்யாதவர் காலத்தைக் கடத்துகிறார். அப்புறம் தங்கக் கடத்தல், விமானக் கடத்தல், குழந்தைக் கடத்தல் எல்லாம் இதற்குள்ளேயே வந்து சேர்ந்துவிட்டன. 'விமானத்தில் கடத்தல்' என்றால் உள்ளே ஏதோ சரக்கு இருக்கிறது, 'விமானக் கடத்தல்' என்றால் விமானமே போய்விட்டது. பழைய தமிழில் வேறு சொற்கள் இருந்தன: வெட்சிப் பூச் சூடிய வீரர்கள் பகைவரின் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, கவர்ந்தார்கள், இராவணன் சீதையைச் சிறையெடுத்தான். சிறையெடுத்தல் எவ்வளவு தெளிவான சொல்! தூக்கிப்போனதும் அடைத்து வைத்ததும் அதிலேயே இருக்கிறது.

சரி, இதில் என்னை உண்மையிலேயே உறுத்துவது ஆட்கடத்தல் என்ற சொல்தான். அதைக் கேட்டதும் வண்டியில் வந்து, வாயைப் பொத்தி, இழுத்துப் போட்டுக்கொண்டு போவதுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நல்ல வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டிக் கூட்டிப்போய், அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கடன் கணக்குக் காட்டியே அடிமை வேலை வாங்குவதையும் நாம் ஆட்கடத்தல் என்றுதான் எழுதுகிறோம். அங்கே யாரும் யாரையும் இழுத்துப் போகவில்லை, அந்தப் பெண்ணோ பையனோ தானாகவே பேருந்து ஏறியிருப்பார்கள். 'விருப்பப்பட்டுத்தானே போனாய்?' என்று கேட்பவர்களுக்கு இந்தக் குற்றத்தைத் தடுக்க 2000-இல் ஐநா ஏற்றுக்கொண்ட நெறிமுறையிலேயே பதில் இருக்கிறது: மிரட்டியோ ஏமாற்றியோ சுரண்டுவதற்காகக் கூட்டிப்போயிருந்தால் சம்மதம் செல்லாது, 18 வயதுக்குக் கீழே என்றால் ஏமாற்றினார்கள் என்று காட்டவே வேண்டாம், சுரண்டும் நோக்கம் இருந்தாலே போதும். எல்லை தாண்ட வேண்டும் என்பதும் இல்லை, அடுத்த தெருவில் அடைத்து வைத்தாலும் அதே குற்றம்தான்.

இதை மனித வணிகம் என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. ஆளைத் தூக்கிப்போவதற்கு மட்டும் ஆட்கடத்தல் இருக்கட்டும். இப்போது 'ஆட்கடத்தல் கும்பல் கைது' என்று ஒரு தலைப்பு வந்தால், பணம் கேட்டு யாரையாவது அடைத்து வைத்தார்களா, வேலை என்று சொல்லி விற்றார்களா, இல்லை காசு வாங்கிக்கொண்டு திருட்டுத்தனமாக நாடு தாண்ட வைத்தார்களா என்று செய்தியை முழுக்கப் படித்த பிறகுதான் தெரிகிறது.