சிங்கப்பூரில் பங்கு விற்க மட்டக்களப்பில் அலைந்த கதை

எங்கள் கம்பனியின் பங்குகள் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் கேட்டலிஸ்ட் பலகையில் இப்போது கைமாறிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பட்டியலில் ஏறுவதற்குச் சிங்கப்பூரில் பட்ட பாட்டைவிட மட்டக்களப்பில் பட்ட பாடுதான் அதிகம் என்று சொன்னால், கொழும்பில் நிதித்துறையில் இருக்கும் நண்பர்கள்கூடச் சிரிக்கிறார்கள். தொழில் இங்கேயும் தாய்க் கம்பனி வெளிநாட்டிலுமாக வைத்துக்கொண்டு மூலதனம் திரட்ட நினைக்கும் நம்மவர்களுக்கு உதவக்கூடும் என்பதால், எங்கெங்கே இழுபட்டோம் என்பதை எழுதிவைக்கிறேன்.

மட்டக்களப்புக் களப்பின் மேற்குக் கரையான படுவான்கரையில், களப்போரமாக உள்ள எங்கள் நிலையத்தில் மீனவரிடமிருந்து களி நண்டு வாங்கி, தரம் பிரித்து, கால் கட்டி, உயிரோடு விமானத்தில் சிங்கப்பூருக்கு அனுப்புகிறோம். அங்குள்ள தாய்க் கம்பனியை நடத்துபவர் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர். இங்குள்ளது அதற்கு முழுவதும் சொந்தமான துணைக் கம்பனி. அதன் கணக்கும் கடதாசியும் என் பொறுப்பு. புதிய தாங்கிகளுக்கும் குளிரறைக்கும் வங்கிக் கடனை மட்டும் நம்பியிருக்க முடியாது என்ற நிலை வந்தபோதுதான் பட்டியலிடும் பேச்சு எழுந்தது. வாடிக்கையாளரும் வரவும் சிங்கப்பூர் டொலரில் இருந்ததால் கொழும்புப் பங்குச் சந்தை அதிக நேரம் பேசப்படவில்லை.

கேட்டலிஸ்ட் என்பது 1987இல் தொடங்கிய செஸ்டாக் பலகையை 2007 டிசம்பரில் மாற்றியமைத்து உருவாக்கிய, வளரும் கம்பனிகளுக்கான பலகை. பிரதான பலகையில் இருப்பதுபோல இவ்வளவு இலாபம், இவ்வளவு சந்தைப் பெறுமதி என்ற எல்லைகளைச் சந்தை இங்கே விதிப்பதில்லை. கம்பனி பட்டியலுக்குத் தகுதியானதா என்பதைச் சந்தையின் அனுமதி பெற்ற ஸ்பொன்சர் ஒருவர் தீர்மானிக்கிறார். இதைக் கேட்டதும் அத்தானுக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் இலாப எல்லை இல்லாத இடத்தில் அதற்குப் பதிலாகக் கடதாசி கேட்பார்கள் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பிழை வந்தால் தன் அனுமதியே பறிபோகலாம் என்று அஞ்சும் ஸ்பொன்சர், படுவான்கரைத் தோணித்துறையில் கிடக்கும் கயிறுக்கும் பற்றுச்சீட்டுக் கேட்பார். பங்கு வழங்கியபின் குறைந்தது 15 சதவீதம் பொதுமக்கள் கையில் இருக்கவேண்டும், பங்குதாரர் 200 பேருக்குக் குறையக்கூடாது, பட்டியலானபின் 12 மாதங்களுக்குப் போதுமான நடைமுறை மூலதனம் உண்டு என்று உறுதிகூற வேண்டும் என்பவையெல்லாம் சிங்கப்பூரிலேயே முடிந்துவிட்டன. மூன்றாண்டுக் கணக்காய்வும் அப்படியே. இங்கே மார்ச்சிலும் அங்கே டிசம்பரிலும் கணக்காண்டு முடிவதால் சில இரவுகள் தூக்கம் கெட்டது, அவ்வளவுதான்.

முதல் அடி ஊழியர் சேமலாப நிதியில் விழுந்தது. நண்டு தரம் பிரிக்கும் பெண்கள் நாட்கூலிக்கு வருபவர்கள். நான் பொறுப்பேற்பதற்கு முந்திய சில ஆண்டுகளில் அவர்களுக்கு நிதி கட்டப்படவில்லை. நாட்கூலி, தற்காலிகம் என்று சட்டத்தில் விலக்கு எதுவும் கிடையாது. தொழிலாளியிடம் 8 சதவீதம், தொழில்தருநர் 12 சதவீதம், அதற்கு மேல் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம்; பிந்தினால் தாமதத்தைப் பொறுத்துச் சேமலாப நிதிக்கு 5 முதல் 50 சதவீதம் வரை மிகைக்கட்டணம். முழுவதையும் கட்டித் தீர்த்தோம். பட்டியலிடும் எண்ணம் மனதில் முளைத்த அன்றே இதைக் கட்டிவிடுங்கள்; வழக்கறிஞர் கண்டுபிடித்தபின் கட்டினால், பங்கு வாங்குபவர் வாசிப்பதற்காகக் கம்பனி வெளியிடும் வழங்கல் ஆவணத்தில் அது ஒரு பந்தியாகவே ஏறி உலகம் முழுவதும் வாசிக்கும்.

அடுத்தது காணி. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். நிலையத்தின் முன்பகுதி அக்காவுக்கு அம்மா 1999இல் சீதனமாக எழுதிக்கொடுத்த உறுதிக் காணி, அதாவது சொந்தப் பத்திரம் உள்ளது. பின்பகுதி, களப்புப் பக்கமாக நீளும் துண்டு, அம்மாவின் பெயரிலுள்ள பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது. ஊரில் எவரும் இவ்விரண்டையும் வேறாகப் பார்ப்பதில்லை, வேலியும் கிடையாது. நண்டுத் தாங்கிகள் எல்லாம் தண்ணீருக்கு அருகே இருக்கட்டும் என்று பின்பகுதியில் கட்டப்பட்டிருந்தன.

"கம்பனியின் பெயரிலேயே காணியை வாங்கிவிடுங்களேன்" என்று ஸ்பொன்சரின் அலுவலர் வெகு இலேசாகச் சொன்னார். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வெளிநாட்டுப் பங்குடைமை 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனிக்கு இலங்கையில் காணியை உரிமை மாற்ற முடியாது. எங்களுடையது நூறு சதவீதம். ஆகவே குத்தகை ஒன்றே வழி. கையில் ஏற்கெனவே ஒரு குத்தகை இருந்ததுதான்: முத்திரை ஒட்டி, சமாதான நீதவான் முன்னிலையில் கையெழுத்திட்ட தட்டச்சுத் தாள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்று 1840இன் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது என்று காட்டி, எங்கள் வழக்கறிஞர் அந்தத் தாளை மேசையின் மறுபக்கம் தள்ளிவைத்துவிட்டார்.

புதிய குத்தகை எழுத அக்காவின் மூல உறுதி வேண்டும். அது 2007இல் படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போனது. எஞ்சியிருந்தது, அத்தான் எப்போதோ விசாவுக்குக் கொடுத்த நிழற்பிரதியின் முதற்பக்கம் மட்டும். காணிப் பதிவு அலுவலகம் ஒன்றுக்குப் போய்ப் பதிவேட்டுப் பிரதி கேட்டேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்த எழுதுவினைஞர் தலையை நிமிர்த்தாமலே, "அந்தப் புத்தகம் கட்டுறதுக்குப் போயிருக்கு தம்பி" என்றார். எப்போது வரும் என்றேன். "வந்தாத்தான் தெரியும்." அடுத்த முறை போனபோது அவர் விடுமுறை, அதற்கடுத்த முறை புத்தகம் வந்திருந்தது, ஆனால் எங்கள் பக்கத்தின் கீழ்ப்பாதி பூச்சி அரித்திருந்தது. அதை எனக்குக் காட்டியபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்ததாகவே இன்றும் நினைக்கிறேன்.

வெளியே படியில் நின்றிருந்த ஒரு முதியவர், ஒரு காலத்தில் நொத்தாரிசு ஒருவரிடம் வேலை பார்த்தவராம், என் முகத்தைப் பார்த்துவிட்டு விடயத்தைக் கேட்டார். "புத்தகத்தை விடுங்க மகன். நொத்தாரிசுமார் எழுதுற ஒவ்வொரு உறுதியிலும் ஒரு இரட்டைப் பிரதி இங்கதான் வந்து சேரும். உறுதி நம்பர், நொத்தாரிசு பேர், திகதி மூண்டையும் எழுதி, உறுதிப்படுத்தின பிரதி கேளுங்க" என்றார். மூன்றும் அந்த நிழற்பிரதியின் முதற்பக்கத்தில் இருந்தன. உள்ளே திரும்பிப் போய் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அதே எழுதுவினைஞர் எதுவும் பேசாமல் கட்டணச் சீட்டை நீட்டினார். பிரதி வந்தது, கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசின் அத்தாட்சியுடன். ஆகவே காணித் தேடலுக்குப் போகுமுன் பழைய பிரதிகள், ஈட்டுக் கடன் கடிதங்கள், விசாக் கோப்புகள் எல்லாவற்றையும் கிளறிப் பாருங்கள். உறுதி இலக்கம் ஒன்று கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

குத்தகை எழுதும்போது வேறொரு சிக்கல். கட்டுப்பாட்டுப் பங்குதாரரின் மனைவி என்பதால் அக்கா சந்தை விதிகளின்படி 'தொடர்புடைய நபர்'. அவருக்குக் கொடுக்கும் வாடகை நியாயமானது என்று சுயாதீன மதிப்பீட்டாளர் அறிக்கை தரவேண்டும், ஆவணத்தில் தொகையோடு வெளியிட வேண்டும். பட்டியலானபின் இத்தகைய பரிவர்த்தனை கம்பனியின் நிகரத் தொட்டுணரத்தக்க சொத்தில் (கடன்களைக் கழித்தபின் மிஞ்சும் பௌதிக, பணச் சொத்தில்) 3 சதவீதத்தைத் தொட்டால் உடனே அறிவிக்க வேண்டும், 5 சதவீதத்தைத் தொட்டால் பங்குதாரர் அனுமதி வேண்டும். ஒரு இலட்சம் சிங்கப்பூர் டொலருக்குக் குறைந்தவை இதில் சேரா. எங்கள் வாடகை இந்த எல்லைகளுக்குப் பக்கத்திலும் வராது. ஆயினும் மதிப்பீட்டாளர் சொன்ன தொகையைக் கேட்டு அக்கா தொலைபேசியில் கொதித்துவிட்டார்: "எண்ட வளவுக்கு வாடகை இவ்வளவுதான் எண்டு சொல்ல அவர் ஆரு?" அத்தான் எப்படிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை.

பின்பகுதிதான் உண்மையான ஆபத்து. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட பெர்மிட் காணியை அனுமதியின்றிக் குத்தகைக்கு விட முடியாது. பயிர் செய்யக் கொடுத்த நிலத்தில் ஏற்றுமதித் தாங்கி எப்படி வந்தது என்ற கேள்வியும் கூடவே எழும். பிரதேச செயலகத்தில் தொடங்கிக் காணி ஆணையாளர் வரை போகவேண்டிய அந்த விண்ணப்பம் எப்போது முடியும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஸ்பொன்சரோ, தாங்கிகள் நிற்கும் நிலத்துக்கு உரிமை இல்லையென்றால் தொழிலே இல்லை என்றுதான் முதலீட்டாளர் வாசிப்பார் என்றார். அவர் சொன்னது சரிதான். அனுமதிக்குக் காத்திருந்து கணக்குகள் பழசாகிப்போனால் இடைக்காலக் கணக்கு எழுதவேண்டி வரும், அதற்கும் காசு. கடைசியில் எங்கள் மேசன்மார் சொன்ன யோசனையே கைகொடுத்தது: தாங்கிகளை முன்பகுதி உறுதிக் காணியில் புதிதாகக் கட்டி, களப்புத் தண்ணீரைக் குழாயில் இழுத்தோம். சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தையும் புதிய வரைபடத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டியிருந்தது. அது மட்டும் ஆச்சரியமாக, ஒரு நல்ல அதிகாரியின் கையில் விழுந்து, சொன்ன நாளில் வந்தது.

பணம் வந்த வழி பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஆரம்பத்தில் அத்தான் அனுப்பிய முதலீடு, அப்பாவின் சேமிப்புக் கணக்குக்குச் சாதாரண உண்டியல் பணம்போல வந்து, அங்கிருந்து கம்பனிக்குப் போயிருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பங்கு முதலீடு, இப்போதைய 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் உள்முக முதலீட்டுக் கணக்கினூடாக வந்திருந்தால்தான் பங்கிலாபத்தைத் தடையின்றி வெளியே கொண்டுபோகலாம். முன்பும் அதற்கெனத் தனிக் கணக்கு இருந்தது. சிங்கப்பூர் முதலீட்டாளர் கேட்கும் முதற்கேள்வி, இலங்கையில் உழைக்கும் காசு எங்களிடம் வந்து சேருமா என்பதே. 2022இல் ரூபாய் விழுந்ததைப் பார்த்தபின் அது நியாயமான கேள்வியும்கூட. பிந்திய முதலீடுகள் சரியான கணக்கினூடாக வந்திருந்ததால் தப்பினோம். அந்த முதற்பகுதி மட்டும் இடர்க் காரணிகளில் தனிப் பந்தியானது.

இந்தக் கடதாசிகளெல்லாம் முடிந்தபின் சரிபார்ப்புக் கூட்டம். வழங்கல் ஆவணத்தின் ஒவ்வொரு வசனத்துக்கும் ஆதாரம் என்னவென்று இளம் வழக்கறிஞர் ஒருவர் காணொளி அழைப்பில் கேட்டுக்கொண்டே போனார். "மட்டக்களப்புக் களப்பின் நண்டு தரத்தில் சிறந்தது" என்று அத்தான் ஆசையோடு எழுதிய வசனத்தில் நின்று, யார் ஒப்பிட்டார்கள், எந்த அறிக்கை என்றார். சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும் என்று சொல்லலாமா என்று எனக்கு வாய் வந்தது. வசனம் வெட்டப்பட்டது. "முன்னணி ஏற்றுமதியாளர்களில் ஒருவர்" என்பதும் போனது. நிலையம் நகரிலிருந்து எத்தனை கிலோமீற்றர் என்பதற்கு வீதி வரைபடம் இணைத்தோம். பணிப்பாளர்களின் பெயர்களும் இழுத்தடித்தன: அடையாள அட்டையில் ஒரு எழுத்து, கடவுச்சீட்டில் இன்னொன்று, கம்பனிப் பதிவாளரிடம் கொடுத்த 20ஆம் படிவத்தில் மூன்றாவது. இம்மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து, தமிழ் ஆவணங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது, எந்த எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இணைத்துக் கொடுங்கள். நாங்கள் அப்படிச் செய்த பிறகுதான் திருப்பி அனுப்புவது நின்றது.

அதன்பின் எல்லாம் ஓட்டம். வழங்கல் ஆவணத்தின் முன்வரைவு பொதுமக்கள் கருத்துக்காகச் சந்தையின் இணையத்தளத்தில் 14 நாட்கள் கிடந்தது, பெரிதாக ஒன்றும் வரவில்லை. பங்குகள் ஒதுக்கப்பட்டன, பணம் வந்தது, முதல்நாள் விலை வழங்கல் விலைக்குக் கீழே போகவில்லை. உறவினர்தான் நிம்மதியாக இருக்க விடவில்லை. அத்தான் பங்கை விற்றால் இன்ன காசு வருமாமே என்று கேட்டவர்களுக்கு, முதல் ஆறு மாதம் அவர் ஒரு பங்கையும் விற்க முடியாது, அடுத்த ஆறு மாதத்துக்குப் பாதியைத் தொடக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வாய் நொந்தது.

இப்போது அரையாண்டு முடிவுகளை 45 நாட்களுக்குள்ளும் ஆண்டு முடிவுகளை 60 நாட்களுக்குள்ளும் வெளியிட வேண்டியிருப்பதால், தோணித்துறைப் பற்றுச்சீட்டுகளை மாதமுடிவிலேயே வாங்கிக் கணக்கை மூடுகிறேன். மீனவர் சிலருக்கு அதில் இன்னும் கோபம். பெர்மிட் காணிக்கான விண்ணப்பத்தையும் கைவிடவில்லை. கோப்பு இலக்கம் கிடைத்திருக்கிறது. புதிய நில அளவைப் படம் வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள், நில அளவையாளர் மாரி முடிந்து வெள்ளம் வற்றினால்தான் வருவாராம்.