வேரிகேட்டட் செடி வாங்கும்போது தண்டைத் திருப்பிப் பாருங்கள்

நர்சரியில் வேரிகேட்டட், அதாவது இலையில் வேறு நிறம் கலந்த, மான்ஸ்டெரா அல்போவைக் கையில் எடுத்ததும் எல்லார் கண்ணும் இலைக்குத்தான் போகும். பாதி வெள்ளை, பாதி பச்சை என்று ஒரு பெரிய இலை இருந்துவிட்டால் உடனே விலை பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் அந்த இலை விரிந்து முடிந்துபோன கதை. இனி வரப்போகும் இலையின் ஜாதகம் தண்டில் இருக்கிறது.

இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவைப் பாருங்கள். காம்பின் அடியில் அரிசி அளவில் ஒரு புடைப்பு இருக்கும். அதுதான் மொட்டுக்கண். வெட்டி நட்டால் புதுத் துளிர் அங்கிருந்துதான் வரும். தண்டில் நீளவாக்கில் வெள்ளைக்கோடும் பச்சைக்கோடும் ஓடும். மொட்டுக்கண் முழுக்கப் பச்சைப் பட்டைக்குள் இருந்தால் வருவது பெரும்பாலும் சாதாரணப் பச்சை மான்ஸ்டெரா. முழுக்க வெள்ளைக்குள் இருந்தால் துளிர் வெள்ளையாக வரும். பார்க்க அழகு, பிழைக்காது. இரண்டு நிறமும் மொட்டுக்கண்ணின் மேலேயே சந்தித்தால், அல்லது மெல்லிய கோடுகள் கலந்து அதன்மேல் ஓடினால், அந்தக் கணுவுக்குத்தான் காசு கொடுக்கலாம். இலை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

காரணம் இதுதான். அல்போ ஒரு கிமேரா. பச்சையம் உண்டாக்கும் செல்களும் உண்டாக்காத செல்களும் ஒரே வளர்நுனியில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. எந்த மொட்டில் எது எவ்வளவு சேர்ந்ததோ, அந்தக் கிளை அப்படியே வரும். தாய் கான்ஸ்டலேஷன் (Thai Constellation) என்ற மான்ஸ்டெரா இவ்வளவு ஆட்டம் காட்டாது. அதன் கிரீம் நிறப் புள்ளிகள் செடி முழுக்கத் தூவினாற்போல் இருக்கும், திசு வளர்ப்பிலும் நிலைக்கும். பணம் போட்டு முதன்முதலில் வாங்குபவர்களுக்கு அதுவே மேல்.

எல்லா வேரிகேட்டட் செடியும் கிமேரா இல்லை. கோலியஸ், காலேடியம், அக்லோனிமா, கலாத்தியா ஆகியவற்றின் இலைக்கோலம் மரபணுவிலேயே எழுதியது. எங்கே வெட்டி நட்டாலும், பிரித்து வைத்தாலும் அதே கோலம்தான் வரும். சிண்டாப்சஸ் பிக்டஸ் இலையின் வெள்ளிப் பளபளப்பு இன்னொரு ரகம். தோலுக்கு அடியில் காற்றிடைவெளி இருப்பதால் வெளிச்சம் சிதறி அப்படித் தெரிகிறது. அடியில் பச்சையம் இருக்கிறது, அதனால் செடிக்கு இளைப்பு கிடையாது.

கிமேராவைத் தப்பான முறையில் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கைக்கெட்டிய உதாரணம், மஞ்சள் ஓரம் போட்ட ஸ்நேக் பிளாண்ட். இலையை 7 செ.மீ. துண்டுகளாக வெட்டி, 2 நாள் காயவைத்து, மணலில் தலைகீழாகாமல் நட்டால் வேர்விடும், சில மாதத்தில் குட்டியும் வரும். ஆனால் குட்டிக்கு மஞ்சள் ஓரம் இருக்காது. இலைத்துண்டின் உள்திசுவிலிருந்து புதிதாக மொட்டு உருவாவதால், ஓரத்தில் இருந்த மஞ்சள் செல்கள் அதில் சேருவதே இல்லை. மஞ்சள் ஓரம் வேண்டுமென்றால் தொட்டியைக் கவிழ்த்து, மண்ணுக்குள் ஓடும் கிழங்குத்தண்டை வேரோடு பிரித்துத்தான் வைக்க வேண்டும். வெள்ளை ஓரக் கற்பூரவல்லிக்கு இந்தக் கவலையில்லை. தண்டை ஒடித்து நட்டால் ஓரத்தோடு வளரும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதிலும் மணி பிளாண்டிலும் கைபழகலாம். பஜ்ஜிக்கு இலை பறிக்கப் போகிறவர் ஓரம் பார்க்காமல் பறித்துவிடுவார் என்பது ஒன்றுதான் தொல்லை.

மணி பிளாண்ட், மான்ஸ்டெரா இரண்டுக்கும் கட்டிங் முறை ஒன்றே. கணுவுக்கு 2 செ.மீ. கீழேயும் மேலேயும் விட்டு வெட்டுங்கள். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள், பால் கையில் பட்டால் அரிக்கும். வெட்டிய முகம் உலர 2, 3 மணி நேரம் நிழலில் வையுங்கள். கழுவிய கோகோபீட் (தென்னைநார்த் தூள்) 2 பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைக் குருணை) 1 பங்கு போதும். எருவோ மண்புழு உரமோ இப்போது வேண்டாம், வேரில்லாத தண்டு அழுகும். கோகோபீட்டைக் கழுவச் சொல்வது சும்மா இல்லை. கட்டியில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீர் விட்டுப் பிழிய வேண்டும். கையால் அழுத்தினால் ஓரிரு சொட்டு மட்டும் வருவது சரியான ஈரம். கணு பாதி புதையட்டும், மொட்டுக்கண் மேலே பார்த்தபடி இருக்கட்டும். மேலே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கவர். நம் ஊர் வெப்பத்தில் 3 முதல் 5 வாரத்தில் வேர் பிடிக்கும். மொட்டு முழிக்க அதற்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டுப் பிடுங்கிப் பார்ப்பவர்கள்தான் கட்டிங்கைக் கொல்கிறார்கள்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: வெயிலில் வைத்தால் வெள்ளை கூடும் என்று. குரோட்டனுக்கு வெயில் நிறத்தை ஏற்றும், அது உண்மை. கிமேராவில் வெளிச்சம் புது வெள்ளை செல்லை உண்டாக்காது. வெளிச்சம் வேண்டியிருப்பது வேறு காரணத்துக்காக: இலையில் பாதி சமைக்காமல் உட்கார்ந்து சாப்பிடுகிறது, மீதிப் பாதிதான் எல்லாருக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும். அதே நேரம் அந்த வெள்ளைப் பகுதி நேரடி வெயிலில் முதலில் கருகும். கிழக்குப் பார்த்த பால்கனியில் காலை வெயில், அல்லது மாடியில் 50 சதவீத நிழல்வலை. அக்னி நட்சத்திரத்தில் 75 சதவீதத்துக்கு மாற்றிவிடுங்கள்.

தண்ணீரும் இதே கணக்குத்தான். பச்சை குறைந்த செடி மெதுவாக வளரும், மெதுவாகவே குடிக்கும். பக்கத்துப் பச்சைச் செடிக்கு ஊற்றும் அளவை இதற்கும் ஊற்றினால் தொட்டி காயாமல் வேர் அழுகும். விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். உப்புக்கரிக்கும் போர் தண்ணீர் என்றால் வெள்ளை ஓரங்கள் பழுப்பாகும்; மழைநீரைப் பிடித்து வையுங்கள், முடியாவிட்டால் மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை ஊற்றி அடியில் வடியவிடுங்கள். உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது), லிட்டருக்கு 1 கிராம், 15 நாளுக்கு ஒருமுறை. அதற்கு மேல் வேண்டாம்.

வேரிகேட்டட் செம்பருத்தியில் திடீரென்று ஒரு கிளை பச்சையாக எழும்பும். முழுப் பச்சையம் உள்ள கிளை வேகமாக வளர்ந்து ஒரு வருடத்தில் செடியையே விழுங்கிவிடும். பாதியில் கிள்ளினால் மிச்சமிருக்கும் மொட்டுகளும் பச்சையாகத்தான் வரும். அது புறப்பட்ட இடத்திலேயே, தாய்க்கிளையை ஒட்டி வெட்டுங்கள். மான்ஸ்டெராவில் தொடர்ந்து வெள்ளை இலையாக வந்தாலும் வெட்டத்தான் வேண்டும். தண்டில் கோடு கலந்திருக்கும் கணுவரை இறங்கி வெட்டினால் அங்கிருந்து கலப்புத் துளிர் வர வாய்ப்புண்டு.

ஆன்லைனில் 'வேரிகேட்டட் மான்ஸ்டெரா விதை' என்று விற்பதை வாங்காதீர்கள். ஏன் என்பதற்கு நம் வாசலில் சாயங்காலம் பூக்கும் அந்திமந்தாரையே சாட்சி. 1909-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் கார்ல் காரன்ஸ், வெள்ளை, பச்சை, கலப்பு என மூன்று வகைக் கிளையும் உள்ள அந்திமந்தாரையை வைத்துச் சோதித்தார். மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் சரி, வெள்ளைக் கிளையில் விளைந்த விதை வெள்ளை நாற்றையும் பச்சைக் கிளையின் விதை பச்சை நாற்றையுமே தந்தது. கலப்புக் கிளையின் விதையில்தான் மூன்றும் வந்தன. வெள்ளை நாற்று, விதைக்குள் இருந்த சேமிப்பு தீர்ந்ததும் செத்துவிடும். மான்ஸ்டெரா அல்போவின் கோடுகளும் விதை வழியாக அப்படியே இறங்குவதில்லை. பிங்க் காங்கோ என்ற ஃபிலோடென்ட்ரான் இன்னொரு பொறி. கடையில் இளஞ்சிவப்பாக இருக்கும். சில மாதத்தில் புது இலைகள் பச்சையாகவே வரும், ஏனென்றால் அந்த நிறம் செயற்கையாக ஏற்றியது. இயற்கையாகவே இளஞ்சிவப்பு உள்ள பிங்க் பிரின்சஸ் ஃபிலோடென்ட்ரான் என்றால் தண்டிலேயே இளஞ்சிவப்புக் கீற்று ஓடும்.

நோயை அழகு என்று வாங்கி வருவதும் நடக்கிறது. இலை சுருங்கி, கோணி, மஞ்சள் திட்டுத் திட்டாக இருந்தால் அது தேமல் வைரஸாக இருக்கலாம். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமலைப் பார்த்தவர்களுக்கு அந்த முகம் தெரியும். இளம் இலைகள் மட்டும் வெளுத்து, நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை.

கடைசியாக மாவுப்பூச்சி. வெள்ளை இலையில் வெள்ளைப் பூச்சி இருந்தால் கண்ணுக்குப் படவே படாது, பாதிச் செடியைத் தின்ற பிறகுதான் தெரியும். வாரம் ஒருமுறை இலைக்காம்பின் இடுக்கை விரலால் தடவுங்கள். பிசுபிசுத்தால் இருக்கிறது என்று அர்த்தம். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி சோப்புக் கரைசல், வெயில் இறங்கிய பிறகு. முதலில் ஒரே ஒரு இலையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். வெள்ளைப் பகுதி கருகவில்லை என்றால் மீதிக்கு அடிக்கலாம்.