பிரெட் ஹார்ட்டுடன் ஒரு வாரம்

2024 மார்ச் 2, சனி

கனடா மல்யுத்த வீரர் பிரெட் ஹார்ட்டைப் பற்றிய டிவிடி வந்துவிட்டது. டொராண்டோவில் இருந்து ஊருக்கு வந்த நண்பர் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று டிஸ்க். 2005 நவம்பரில் வெளியானது. வட அமெரிக்காவுக்கான ரீஜன் 1 டிஸ்க் என்பதால் வீட்டு பிளேயரில் ஓடவில்லை. பரணில் கிடந்த பழைய லேப்டாப்பை இறக்கினேன். அதன் டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்றலாம், அப்புறம் அப்படியே நின்றுவிடும். ஒரு முறையை இதற்காகச் செலவழித்தேன். வேறு எதற்கு அதை வைத்திருக்கப் போகிறேன்!

ராத்திரி பிரெட்டின் சொந்த ஊரான கல்கரி பற்றிய பகுதி வரைக்கும்தான் பார்த்தேன். அவருடைய அப்பா ஸ்டூ ஹார்ட் மல்யுத்த வீரர், பயிற்சியாளர், போட்டிகளையும் நடத்தியவர். வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள். வீட்டின் அடித்தளத்தில் பாய் விரித்த அறைக்கு ‘டன்ஜன்’ என்று பெயர். அந்த அறையில் ஸ்டூவின் பிடியில் சிக்கிக் கத்தியவர்கள் பிற்பாடு பெரிய பெயர்களாக வந்தார்கள். பிரெட் வளர்ந்தது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்.

மார்ச் 3, ஞாயிறு

இந்த டிவிடி பிறந்த கதையே பெரிய கதை.

1997 நவம்பர் 9, மாண்ட்ரியல். அப்போது சாம்பியனாக இருந்த பிரெட், மல்யுத்தக் காட்சிகளை நடத்தும் WWE-யை (அன்றைய பெயர் WWF) விட்டு வேறு நிறுவனத்துக்குப் போவது முடிவாகிவிட்டது. சாம்பியன் பெல்ட்டை எதிராளி ஷான் மைக்கேல்ஸிடம் சொந்த நாட்டு மண்ணில் தோற்றுக் கொடுக்க அவருக்கு மனமில்லை. இந்த வகை மல்யுத்தத்தில் முடிவை முன்கூட்டியே பேசிவைப்பது வழக்கம்; இந்த மேட்ச் எப்படி முடியும் என்றும் பேசிவைத்திருந்தார்கள். ஆனால் காலை மடக்கிச் சரணடைய வைக்கும் பிரெட்டின் ஷார்ப்ஷூட்டர் பிடியை பிரெட்டுக்கே ஷான் போட்டதும், நிறுவனத்தின் அன்றைய முதலாளி வின்ஸ் மக்மேன் ரிங் ஓரத்தில் நின்று மணியை அடிக்கச் சொல்லிவிட்டார். பிரெட் சரணடையவே இல்லை. கூடிப் பேசியதை மீறி, ஊரறிய அவரை ஏமாற்றினார்கள்.

அதே நிறுவனம் எட்டு வருடம் கழித்து அவரைப் பற்றி டிவிடி போடக் கிளம்பியது. முதலில் யோசித்த தலைப்பே அந்த மாண்ட்ரியல் ஏமாற்று வேலையை வைத்துத்தான். பிரெட் போகாமல் இருந்திருக்கலாம். போனார், கேமரா முன்னால் உட்கார்ந்து பேசினார். தலைப்பும் அவர் எப்போதும் சொல்லும் வாசகமாக மாறியது: இருப்பவர்களில் சிறந்தவன், இருந்தவர்களில் சிறந்தவன், இனி வரப்போகிறவர்களிலும் சிறந்தவன்.

2002இல் சைக்கிளில் இருந்து விழுந்து, பக்கவாதம் வந்து, உடம்பின் இடப்பக்கம் விழுந்துபோன மனிதர் அவர். அதற்கு மூன்று வருடம் கழித்து எடுத்த பேட்டி இது. அவர் பேசும்போது நான் இரண்டு இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். கோபம் இருக்கிறது, ஆனால் தன் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால் முகமே மாறிவிடுகிறது.

மார்ச் 6, புதன்

வெம்ப்ளி மைதானம் பற்றிய பேச்சு வந்ததும் டிஸ்க்கை நிறுத்திவிட்டு, அந்த முழு மேட்ச்சையும் தனியாக எடுத்துப் பார்த்தேன். WWF-இன் பெரிய நிகழ்ச்சிகளில் ஒன்றான சம்மர்ஸ்லாம், 1992, லண்டன். அறிவித்த கூட்டம் 80,355. எதிரே ‘பிரிட்டிஷ் புல்டாக்’ என்ற பெயரில் மோதிய வீரர், பிரெட்டின் தங்கை டயானாவின் கணவர்.

மேட்ச் தொடங்கியதும் புல்டாக்குக்குப் பேசிவைத்தது எல்லாம் மறந்துவிட்டது என்று பிரெட் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு பாருங்கள், வேறு மேட்ச்சாகத் தெரியும். பிரெட் கழுத்தைப் பிடித்து அமுக்கும்போதெல்லாம் முகம் மச்சானின் காதருகே போகிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அப்போதுதான் சொல்கிறார். எண்பதாயிரம் பேருக்கு அது அடிதடி. உள்ளே நடந்தது கைபிடித்து நடத்திப் போவது.

கடைசியில் பிரெட் எதிராளியின் மேலாகப் பாய்ந்து கவிழ்க்கப் பார்க்கிறார். புல்டாக் அப்படியே உட்கார்ந்து பிரெட்டின் கால்களைப் பிடித்துத் தரையோடு அமுக்கிக்கொள்ள, நடுவர் மூன்று எண்ணி முடித்தார்; பிரெட் தோற்றார். ஒருத்தனைத் தூக்கிக் கரைசேர்த்துவிட்டு அவனிடமே தோற்க எவ்வளவு திறமை வேண்டும்! ‘எல்லாம் பொய்தானே’ என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு மேட்ச்சைத்தான் நான் காட்டுவேன். தன்னோடு மோதிய யாருக்கும் பெரிய காயம் வராமல் பார்த்துக்கொண்டதை பிரெட் பெருமையாகச் சொல்வார். பெல்ட்டை விட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

மார்ச் 9, சனி

ஓவனைப் பற்றிய பகுதி. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஓவன், பிரெட்டின் கடைசித் தம்பி. 1999 மே 23, கான்சாஸ் சிட்டி. அரங்கின் உயரத்தில் இருந்து கயிற்றில் இறங்கும் காட்சிக்காகப் போனவர் கீழே விழுந்து இறந்துபோனார். வயது 34. இந்த இடத்தில் பிரெட்டை நேராகப் பார்க்க முடியவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டேன்.

என் தம்பிக்குப் போன் செய்தேன். சின்ன வயதில் கட்டிலை ரிங்காக வைத்து விளையாடும்போது நான்தான் பிரெட், அவனுக்கு ஓவன். நியூயார்க்கில் 1994இல் நடந்த ரெஸல்மேனியா என்ற பெரிய நிகழ்ச்சியில் ஓவன் அண்ணனைத் தோற்கடித்த நாளைப் பற்றிச் சொல்லாமல் அவன் தூங்கமாட்டான். அன்றைக்கும் பிரெட் சுழன்று பிடிக்கப் பார்த்தார், ஓவன் உட்கார்ந்து மடக்கிவிட்டார். அதே இரவு பிரெட் அன்றைய சாம்பியன் யோகோசுனாவை வென்று பெல்ட்டை வாங்கினார். எல்லோரும் அவரைத் தோளில் தூக்க, ஓவன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

‘அண்ணா, அந்த மேட்ச்சை மட்டும் நீ தனியா பார்க்காத. அடுத்த வாரம் நான் வர்றேன்’ என்றான்.

சரி என்றேன். லேப்டாப்பை மூடவில்லை, சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன்.