கள்ளத் துடிப்பும் காந்தமும்

மார்ச் 4
நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியின் முடிவு வந்துவிட்டது. எக்டோபிக், அதாவது வேறு இடத்திலிருந்து முறை தவறிக் கிளம்பும் துடிப்பு, 21 சதவீதம். ஒரு நாளைக்கு இதயம் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. என் கணக்கில் ஐந்தில் ஒன்று கள்ளத் துடிப்பு! போன ஆண்டு செய்த அப்லேஷன் (அது கிளம்பும் இடத்தைச் சுட்டு அடக்கும் சிகிச்சை) இரண்டு மாதம்தான் தாங்கியது. இப்படியே விட்டால் இதயத்தசை தளர்ந்துவிடும் என்கிறார் மருத்துவர். எக்கோவில் (இதய ஸ்கேன்) இப்போதே கொஞ்சம் தளர்ச்சி தெரிகிறது.

மார்ச் 9
முதல் முறை ஏன் பலிக்கவில்லை என்று இன்றுதான் புரிந்தது. கள்ளத் துடிப்பு கிளம்பும் இடம் இடது கீழறையின் பாப்பில்லரி தசை. மைட்ரல் வால்வின் நூல்களை இழுத்துப் பிடிக்கும் தசை அது. ஒவ்வொரு துடிப்புக்கும் சுருங்கி நகரும். இரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் கையால் தள்ளும் மெல்லிய குழாயான கதீட்டர் சற்று விறைப்பானது, தொட்டதும் வழுக்கிவிடுகிறது.

இந்த முறை காந்த முறை. கதீட்டர் நுனியில் சின்னச் சின்னக் காந்தங்கள், தண்டு ஈரக் கயிறு போலத் துவளும். படுக்கையின் இரு பக்கமும் பெரிய நிலைக்காந்தங்கள். அவற்றைத் திருப்பினால் நடுவில் காந்தப்புலத்தின் திசை மாறும், நுனியும் அந்தப் பக்கம் திரும்பும். காந்தமே கதீட்டரை இழுத்துக்கொண்டு போகும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். காந்தம் திசை காட்டுவதோடு சரி. தள்ளுவதும் இழுப்பதும் தொடையருகே வைக்கும் மோட்டார். துவள்வதால் தசையோடு சேர்ந்தே அசையும், சுவரைத் துளைக்கும் ஆபத்தும் குறைவு. இதைக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 17
கள்ளத் துடிப்பை அடக்கும் மாத்திரையை நிறுத்தி நான்கு நாள். நெஞ்சுக்குள் ஒரே துள்ளல். நாளை மறுநாள் துள்ளினால்தான் பிடிக்க முடியுமாம்.

மார்ச் 19
முழு மயக்கம் கொடுக்கவில்லை. கொடுத்தால் கள்ளத் துடிப்பு அடங்கிவிடலாம். தொடை இரத்தக்குழாயில் துளையிட்டு எல்லாவற்றையும் பொருத்திய மருத்துவர், அப்புறம் அறையை விட்டே போய்விட்டார்! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மவுஸை நகர்த்துகிறார், குரல் மட்டும் ஒலிபெருக்கியில் வருகிறது. அங்கே அவருக்கு ஈய அங்கி வேண்டாம், எக்ஸ்ரே எல்லாம் எனக்குத்தான். (என் பங்கும் குறைவுதான் என்று நர்ஸ் சமாதானம் சொன்னார்.) காந்தங்கள் ரீங்காரத்தோடு திரும்பின. புலத்தின் வலிமை 0.1 டெஸ்லா அளவுதான், எம்.ஆர்.ஐ. என்றால் வழக்கமாக 1.5. உடம்பில் எதுவும் தெரியவில்லை.

துடிப்பு எங்கே முதலில் கிளம்புகிறது என்று திரையில் வரைபடம் எடுக்கவே நெடுநேரம் ஆனது. பிறகு "சுடப் போகிறேன்" என்றது குரல். நெஞ்சில் இளஞ்சூடு. கள்ளத் துடிப்புகள் சரமாரியாகக் கிளம்பின, பயந்துவிட்டேன். சட்டென்று நின்றன. அரை மணி நேரம் காத்திருந்ததில் ஒன்று எட்டிப் பார்த்தது. மில்லிமீட்டர் கணக்கில் நுனியை நகர்த்தி மறுபடி சுட்டார்கள். அதன்பின் ஒன்றுமில்லை.

மார்ச் 20
ஆறு மணி நேரம் காலை மடக்காமல் கிடந்ததுதான் பெரிய தண்டனை. தொடையில் நீலம் பாரித்திருக்கிறது.

ஏப்ரல் 22
மறுபடி ஹோல்டர் மாட்டியாயிற்று. காலையிலிருந்து நாடியைப் பிடித்துப் பார்த்ததில் தப்பிய துடிப்பு இரண்டு. நேரத்தோடு குறித்து வைத்திருக்கிறேன்: 7.40, 11.15. கருவியும் அதையே சொல்கிறதா பார்க்கலாம்.