எங்க டவுன் மணிக்கூண்டு மறுபடி ஓடுது

நின்னு கெடந்ததைச் சரி பண்ண பதினோரு மாசம் ஆச்சு. போன மாசத்துலேருந்து எங்க மணிக்கூண்டு நிக்காம ஓடுது. எப்படிப் பண்ணீங்கன்னு நெறைய பேரு கேட்டுட்டாங்க, அதான் எழுதுறேன், வேற ஊர்ல யாராச்சும் இதுல இறங்குனா உதவும்.

எங்க ஊரு மலேசியாவுல கெடா மாநிலத்துல, சுத்தி ரப்பர் தோட்டமா இருந்தது, இப்ப எல்லாம் செம்பனை, பாமாயில் எடுக்கற மரம். நான் பாமாயில் மில்லுல ஃபிட்டர். பெர்மிட்டுக்கே நாலு மாசம் ஓடிருச்சு, அத விடுங்க. கூட்டத்துல பாதி பேரு, பேட்டரி மெசின் மாட்டிருவோம், ஈசி லான்னாங்க. சுங்கை பட்டாணிக்கு 1936ல கட்டுனது இருக்கு, தெலுக் இந்தானுக்கு 1885ல கட்டுன சாஞ்ச கோபுரம் இருக்கு, நமக்குன்னு இருக்கறது இது ஒன்னுதான், உள்ள இருக்கற மெசினைக் கழட்டி வீசிட்டா வெறும் செங்கல்தான் மிஞ்சும்னு சொன்னேன். ஒரு வழியா ஒத்துக்கிட்டாங்க.

முதல்ல ஆறு சாக்கு புறா எச்சம் அள்ளினோம். மாஸ்க் இல்லாம ஏறாதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மெசினை ஓட்டறதே கயித்துல தொங்கற எடைக்கல்லுதான், அதைக் கீழ இறக்கி வெச்சுட்டுத்தான் கயித்துல கை வைக்கணும். பல்சக்கரம் எல்லாம் தார் மாதிரி எண்ணெய், மண்ணெண்ணெயில ஊறப்போட்டுக் கழுவினோம். அச்சு சுத்தற புஷ் வளையம் எல்லாம் தேஞ்சு முட்டை ஷேப்ல இருந்துச்சு, பட்டறை வெச்சிருக்கற ஒரு சீன தவுக்கே (முதலாளி) லேத்துல புதுசா கடைஞ்சு குடுத்தாரு, ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூட வாங்கல.

அப்புறம்தான் நெஜமான தலைவலி. கீழ பெஞ்சுல வெச்சா ரெண்டு வாரம் அசராம ஓடுது, மேல ஏத்துனா நின்னுருது. எப்பப் போய்ப் பார்த்தாலும் பெரிய முள்ளு எட்டுக்கும் ஒம்போதுக்கும் நடுவுல. மூனு தடவை மெசினை இறக்கி ஏத்துனோம், மெசின்ல ஒரு குத்தமும் இல்ல. ஒரு நாள் ராத்திரி படுத்துக்கிட்டு யோசிக்கிறேன், பெரிய முள்ளு இறங்கறப்போ அதோட கனமே மெசினுக்கு உதவி, ஆறைத் தாண்டி ஏறறப்போ மெசின்தான் தூக்கணும், ஒம்போதுகிட்ட படுத்த மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கறப்போ கனம் ரொம்ப. அதைச் சமப்படுத்த முள்ளோட பின்பக்கம் வால் மாதிரி ஒரு ஈயக்கட்டி இருக்கணும். விடிஞ்சதும் ஏறிப் பார்த்தா வால் இல்ல, ரம்பத்தால அறுத்த தடம்தான் இருக்கு. முன்ன பெயிண்ட் அடிக்க வந்த காண்ட்ராக்ட்காரங்க வேலை. போதாததுக்கு முள்ளு மேல தடிமனா பெயிண்ட் வேற. எனக்கு வந்த கோவத்துக்கு அன்னைக்கு சாப்பாடே இறங்கல.

பெயிண்டைச் சொரண்டி எடுத்துட்டு, டயர் கடையில குடுத்த பழைய பேலன்ஸ் ஈயத்தை உருக்கி புது வால் ஊத்துனோம். முள்ளை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் விட்ட எடத்துலயே நிக்கணும், அதுதான் கணக்கு. அன்னைக்கு ஏத்துனதுதான், இன்னும் நிக்கல.

நேரம் சரி பண்ண பத்து சென் காசு போதும். எங்க பெண்டுலம் ஒன்றரை மீட்டர் இருக்கும், ஒரு பக்கத்துலேருந்து மறுபக்கம் ஆட ஒன்னேகால் செகண்ட். அது மேல காசு வெச்சா கொஞ்சம் வேகமாகும், எடுத்தா மெதுவாகும். லண்டன் பிக் பென்லயும் இதே வழிதான், ஒரு பழைய பென்னி வெச்சா ஒரு நாளைக்கு 0.4 செகண்ட் முந்தும்.

1982 ஜனவரி 1ல எங்க பக்கம் கடிகார நேரத்தையே அரை மணி நேரம் முன்னால தள்ளுனாங்க இல்ல, அப்ப எனக்கு எட்டு வயசு. ஒருத்தர் மேல ஏறி இந்த முள்ளைத் தள்ளுனதை கீழ நின்னு பார்த்தேன். அதுக்கப்புறம் அம்மா தோட்டத்துல காலையில பேர் குடுக்கற பெரட்டுக்குக் கிளம்பறப்போ இன்னும் கும்மிருட்டு. ரொம்ப நாளைக்கு எதைக் கேட்டாலும் பழைய டைம்லதான் சொல்லுவாங்க. இப்ப கூட்டிட்டுப் போய் காமிச்சேன், முள்ளு நகர்றது தெரியற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கிட்டே நின்னாங்க.

வாரம் ஒரு தடவை சாவி குடுக்கணும், தொண்ணூறு சுத்து, தோள்பட்டை கழண்டுரும். தமிழ்ப்பள்ளி பழைய மாணவர்ல பத்து பேரு முறை போட்டு வராங்க. ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு. மணி அடிக்கிற சுத்தியல் பக்கம் இன்னும் கை வைக்கல, அதுக்கு ஸ்ப்ரிங் தேடிக்கிட்டு இருக்கோம்.