டிராக்டருக்கு என்ஜின் ஆயில்: டப்பாவில் எதைப் படிக்க வேண்டும்?

எங்கள் டெல்டாப் பகுதியில் டிராக்டர் வைத்திருப்பவர்கள் ஆயில் கடையில் முதலில் கேட்பது, ஆயில் கெட்டியாக இருக்குமா என்பதைத்தான். விரலில் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, கொழகொழவென்று இழுத்தால் நல்ல சரக்கு என்று முடிவு செய்கிறார்கள். வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில், சேற்றில் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேடை ஓட்டும் வண்டிக்கு ஆயில் நீர்த்துப் போகக் கூடாது என்னும் கவலை நியாயமானதே. ஆனால் என்ஜின் சூடான பிறகு ஆயில் எப்படி இருக்கும் என்பதை, கடையில் ஆறிக் கிடக்கும் ஆயிலைத் தொட்டுப் பார்த்து அறிய முடியாது.

டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 என்பவை அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த எஸ்ஏஈ தரநிலையின் எண்கள். டபிள்யூ என்பதற்கு முன்னால் வரும் எண், கடுங்குளிரில் என்ஜினைச் சுழற்றித் தொடக்கும்போது ஆயில் எவ்வளவு இளகியிருக்கும் என்பதைக் காட்டுவது; 15டபிள்யூ ஆயிலை அதற்காகச் சோதிக்கும் வெப்பநிலையே உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி. பின்னால் வரும் 40 என்பது 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பாகுநிலையை, அதாவது கெட்டித்தன்மையைக் குறிக்கிறது. 15டபிள்யூ-40 ஆனாலும் 20டபிள்யூ-40 ஆனாலும், அந்தச் சூட்டில் அது 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் (பாகுநிலையின் அலகு) என்னும் ஒரே வரம்புக்குள்தான் இருந்தாக வேண்டும். ஆகவே உழவு நடக்கும் வேளையில் இந்த இரண்டுக்கும் கெட்டித்தன்மையில் பெரிய வேறுபாடு கிடையாது. மார்கழி விடியற்காலையில்கூட இருபது டிகிரியை ஒட்டியே இருக்கும் நம் சமவெளியில், முன்னால் இருக்கும் எண்ணைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுவதற்கு ஒன்றுமில்லை. கையேடு சொல்வதை வாங்கினால் போதும். கையேட்டில் இல்லாத 20டபிள்யூ-50 போன்ற இன்னும் கெட்டியான ஆயிலைத் தேடிப் போக வேண்டிய தேவையும் இல்லை. புகை தள்ளி ஆயில் குடிக்கும் பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில் ஊற்றினால் சில நாள் அடங்கியது போலத் தெரியும்; தேய்ந்த பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் அதனால் சரியாகிவிடுவதில்லை.

நாம் படிக்காமல் விடுவது அதற்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ தரக் குறியீட்டைத்தான், என் கணக்கில் அதிகம் பார்க்க வேண்டியதும் அதையே. சி என்று தொடங்குபவை டீசல் என்ஜினுக்கானவை, எஸ் என்று தொடங்குபவை பெட்ரோலுக்கானவை. 1990இல் வந்த சிஎஃப்-4, 1998இல் வந்த சிஎச்-4, 2002இல் வந்த சிஐ-4, 2016 இறுதியில் வந்த சிகே-4 என்று, என்ஜின்கள் மாற மாற இந்தத் தரமும் ஏறி வந்திருக்கிறது. பாகுநிலை எண் ஒன்றாகவே இருக்கும் இரண்டு டப்பாக்களில் ஒன்று சிஎஃப்-4 ஆகவும் மற்றது சிஐ-4 ஆகவும் இருக்கலாம். விலை வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

அந்த எழுத்துகள் குறிப்பது ஆயிலில் கலந்திருக்கும் சேர்மானங்களின் வேலைத்திறனை. டீசல் எரியும்போது உண்டாகும் நுண்ணிய கரி, ரிங் வழியாகக் கசிந்து ஆயிலில் இறங்குகிறது. அது திரண்டு கட்டியாகாமல், ஆயிலிலேயே மிதக்கும்படி பிரித்து வைத்திருப்பது ஒரு சேர்மானத்தின் வேலை. ஆயில் மாற்றிய சில மணி நேரத்திலேயே கறுத்துவிட்டது, சரக்கு மட்டம் என்று குறைபடுவோர் உண்டு; டீசல் என்ஜினில் ஆயில் கறுப்பது, கரியைத் தன்னிடம் வாங்கிக்கொள்கிறது என்பதற்கு அடையாளம், கெட்டுவிட்டது என்பதற்கு அன்று. இன்னொரு சேர்மானம் எரிபொருளில் உள்ள கந்தகத்தால் உண்டாகும் அமிலத்தை முறிப்பது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் கந்தகமில்லாத டீசல் விற்கப்படுவதால், இந்தச் சுமை முன்பைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது.

பொதுவாக, மேல்தர ஆயிலைப் பழைய என்ஜினுக்கு ஊற்றலாம். சிஎஃப்-4 கேட்ட வண்டிக்குச் சிஐ-4 ஊற்றுவது நல்லதே. கீழ்தர ஆயிலைப் புதிய என்ஜினுக்கு ஊற்றக் கூடாது. 2023 ஜனவரி முதல் ஐம்பது குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம்-4 மாசு விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ப வந்த வண்டிகள் சிலவற்றில் புகைப்போக்கி வழியில் கரிவடிகட்டி இருக்கிறது. ஆயிலின் உலோகச் சேர்மானங்கள் எரிந்தால் மிஞ்சும் சாம்பல் அதில் படிந்து அடைத்துக்கொள்ளும். கரியை எரித்து நீக்க முடியும். சாம்பலை அப்படி நீக்க முடியாது. அதனால்தான் அத்தகைய வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த சிகே-4 போன்ற தரம் சொல்லப்படுகிறது. அண்ணன் வண்டிக்கு வாங்கி மிஞ்சியது வீட்டில் இருக்கிறதே என்று கரிவடிகட்டி உள்ள வண்டியில் கீழ்தர ஆயிலை ஊற்றுவது, சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தி விலை உயர்ந்த வடிகட்டியைப் பணயம் வைப்பதாகும்.

வண்டியின் பின்பக்கத்துக்கு ஊற்றும் ஆயில் முற்றிலும் வேறு சரக்கு. கியர், ஹைட்ராலிக், ஆயிலில் மூழ்கிய பிரேக் மூன்றுக்கும் பொதுவான அந்த ஆயிலில் பிரேக் தட்டுகளின் உராய்வுக்கென்றே தனிச் சேர்மானம் உண்டு. அங்கே என்ஜின் ஆயில் போனால் பிரேக் பிடிப்பதில் வம்பு வரும். உள்ளே போகும் காற்றின் தூசியை ஆயிலில் பிடிக்கும் ஆயில் பாத் ஏர் கிளீனர் உள்ள வண்டியில் அதன் கிண்ணத்துக்கு மட்டும் என்ஜின் ஆயிலையே குறி வரைக்கும் ஊற்றுவார்கள். புழுதி உழவுக் காலத்தில் அந்தக் கிண்ணத்தை அடிக்கடி கழுவாமல், என்ஜினுக்கு எவ்வளவு விலை உயர்ந்த ஆயில் ஊற்றினாலும், உள்ளே போகும் மண் லைனரை அரைத்துக்கொண்டுதான் இருக்கும்.

எப்போது மாற்றுவது என்பதற்கும் கையேடுதான் வழி. பல மாடல்களுக்கு 250 மணி நேர ஓட்டம் என்று போட்டிருக்கும், ஆயிலோடு ஃபில்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஓடிய நேரத்தைக் காட்டும், கேபிளில் ஓடும் பழைய மீட்டர், என்ஜின் குறிப்பிட்ட வேகத்தில் சுழன்றால்தான் ஒரு மணி நேரத்தை ஒரு மணியாகக் காட்டும். களத்தில் வெறுமனே உறுமிக்கொண்டு நின்ற நேரத்தை அது குறைத்தே கணக்கிடுகிறது. வருடத்தில் சில மாதங்களே ஓடி, மீதி நாள் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு, மணிக்கணக்கு எட்டாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுவது நல்லது.

பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயிலை நான் வாங்குவதில்லை. அதில் எந்தத் தரம் இருக்கிறது என்று படிக்க எழுத்தே கிடையாது. டப்பாவாக வாங்கும்போதும் மூடியின் சீல், தயாரித்த மாதம், ஏபிஐ எழுத்து மூன்றையும் பார்த்துப் பில் கேட்டு வாங்குவதே வழக்கம்.

ஊற்றியபின் காலையில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினைத் தொடக்குவதற்கு முன் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் எல்லோரும் கவனித்து ஊற்றுகிறார்கள். கூடியிருந்தால்தான் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் பம்பிலிருந்து டீசலோ, ரேடியேட்டரிலிருந்து தண்ணீரோ ஆயில் தங்கும் சம்ப்பில் இறங்குகிறது என்று பொருள். டீசல் வாடையடித்தாலும் பால்போல் வெளுத்திருந்தாலும், மெக்கானிக் வந்து பார்க்கும் வரை அந்த வண்டியை வயலில் இறக்கக் கூடாது.